சிரிக்கவும் வேணாம், அழவும் வேணாம்

"சிரிக்கவும் வேணாம், அழவும் வேணாம். நடுவில நில்லுங்க."

இதைச் சொல்லாமல் அவர் ஒரு படமும் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உலர் உணவுப் பொதியோ, கொப்பி பென்சிலோ, சப்பாத்தோ, எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பொதி நெஞ்சுக்கு நேரே வர வேண்டும். தாழ்த்தினால் பாரம் தூக்குகிற மாதிரி இருக்கும், உயர்த்தினால் முகம் மறையும். கொடுக்கிறவரின் கையும் வாங்குகிறவரின் கையும் ஒரே நேரத்தில் அதில் பட்டிருக்க வேண்டும். மேலே ஒட்டிய கடுதாசியில் உள்ள, காசு கொடுத்தவரின் பெயர் வெளியே தெரிய வேண்டும். கண் கமராவைப் பார்க்க வேண்டும், பொதியைப் பார்க்கவே கூடாது.

"பொதியப் பாக்காதங்க புள்ளையள். பாத்தா பசியில நிக்கிறீங்க எண்டு நினைப்பாங்க."

"பசிதானே மாமா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"பசிதான். அதுக்காக அப்பிடியா பாக்கிற?"

எங்கள் ஊரில் அவருக்குப் 'போட்டோ மாமா' என்று பெயர். நேரில் வெறும் மாமா. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் எல்லாருடைய முகத்தையும் கனடாவுக்கும் சுவிசுக்கும் அனுப்பிவைத்த மனிதர். அவருடைய பெயராவது மறைவில் இருக்கட்டும்.

கந்தோரில் கிளாக்கர் வேலை அவருக்கு. கல்லடிப் பக்கம், வாவிக்கரையோரமாக இருந்த பழைய வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சிறுவர் கழகம் நடத்தினார். காலையில் வகுப்பு. மத்தியானம் சோறு. பின்னேரம் பிள்ளைகளுக்குக் கரப்பந்தும் நாடகமும், தாய்மாருக்குத் தையல். தகப்பன் இல்லாத வீடு, இருந்தும் இல்லாத வீடு, இருந்து குடிக்கிற வீடு என்று பார்த்துப் பார்த்துச் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருவார். விடியற்காலையிலேயே வந்து கட்டடத்தைக் கூட்டி, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு எங்களுக்காக நிற்பார். அந்தச் சோற்றில் ஒரு பிடி அவர் வாயில் வைத்து நான் கண்டதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு அவரை நீங்கள் பிழையாக நினைத்துவிடக் கூடாது. நானே எத்தனையோ வருடம் பிழையாக நினைத்தவள்.

எங்கள் வீடு 'இருந்தும் இல்லாத' வகை. அப்பா கட்டாருக்குப் போனவர். முதல் வருடம் காசு வந்தது, இரண்டாம் வருடம் கதை வந்தது, அதற்குப் பிறகு இரண்டும் இல்லை. அம்மா இடியப்பம் அவித்து விற்றாள். நான் சுடச்சுட அதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

சிரிப்பு வேண்டாம், அழுகை வேண்டாம் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. "சிரிச்சா காசு வராது. அழுதா ஒருதரந்தான் வரும்" என்பார். சிரிக்கிற பிள்ளையைப் பார்த்தால் இதுகளுக்கு என்ன குறை என்று நினைப்பார்களாம். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் மனம் தாங்காமல் அள்ளி அனுப்பிவிட்டு, அடுத்த முறை படத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்களாம். நடுவில் நின்றால்தான் மாதாமாதம் வரும். இந்த விஞ்ஞானத்தை எங்கே படித்தாரோ தெரியாது. ஆனால் மாதாமாதம் வந்தது.

சோற்றுக்கும் அதே சட்டம். கோப்பைகளில் சோறு போட்டு, கறி ஊற்றி, எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக இருந்த பிறகு, "சோத்தில கை வைக்காதங்க, படம் எடுக்கல்ல" என்று ஒரு சத்தம் வரும். ஈ மொய்க்கும். சின்னதுகள் எச்சில் விழுங்கும். அவர் கதிரையில் ஏறி நின்று ஒன்று, இறங்கி நின்று ஒன்று, கதவடியில் நின்று ஒன்று எடுப்பார். கோபம் கோபமாக வரும். இன்றைக்கும் கலியாண வீட்டில் சோறு போட்டால் என் கை ஒரு கணம் நின்றுதான் போகிறது. என் கணவர் பகிடி பண்ணுவார், "என்ன, சாமி கும்பிடுறீங்களா?" என்று. ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு புத்தகப்பை கிடைத்தது. ஊதா நிறம், பின்னால் தண்ணீர்ப் போத்தல் வைக்க வலை. அப்படி ஒரு பை எங்கள் வகுப்பில் யாரிடமும் இல்லை. அப்பா கட்டாரிலிருந்து அனுப்பியது என்று நான் வகுப்பில் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், அடுத்து சைக்கிளும் வருகிறது என்றேன். பிறகென்ன, ஒரு மாதம் நான் ராசாத்தி.

ஒருநாள் இடைவேளையில் பக்கத்து வாங்குப் பிள்ளை என் காதுக்குள் சொன்னாள்: "எங்கட சித்தி சுவிசில இரிக்கிறா. அவ பேஸ்புக்கில போட்ட படத்தில நீ நிக்கிறாய். இந்தப் பேக்தான். அம்மா காட்டினா." அவள் என்னைக் கேலி செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஆருக்கும் சொல்ல மாட்டன் கா. பேக் நல்லமா? வார் அறுந்தா சொல்லு, சித்தி வேற வாங்கி அனுப்புவாவாம்" என்றாள். அந்த நல்ல மனதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பையைப் பாய்க்குக் கீழே தள்ளிவிட்டு, சொப்பிங் பையில் புத்தகம் கொண்டு போனேன். அம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். சனிக்கிழமை கழகத்துக்குப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"என்ட படத்த அழிங்க! இப்பவே அழிங்க!"

தையல் மெசின்கள் நின்றுவிட்டன. அம்மா வாயில் கை வைத்தாள். அவர் போனை எடுத்து, தேடி, என் படத்தை என் கண்ணுக்கு முன்னால் அழித்தார். பிறகு சொன்னார், "நான் அழிச்சிட்டன் புள்ள. அனுப்பினவங்களிட்ட கிடக்கிறத அழிக்க எனக்கு ஏலாது." குரல் அடங்கியிருந்தது. அடித்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் தந்தார். "இனி நீ எடு. எடுக்கிற ஆள் படத்தில விழுறல்ல."

அதுதான் அவர் எனக்குத் தந்த சலுகை. அந்த நாளிலிருந்து நான் பொதி வாங்கும்போது ஒரு கமராவும் இல்லை. கமராதான் என் கையில் இருந்ததே! போனுக்கு இந்தப் பக்கம் நிற்பது எவ்வளவு சுகம் என்று எப்படிச் சொல்வது? நான் அவரைவிடக் கறாராக வந்தேன். "ஏய், பெயர் தெரியல்ல, திருப்பிப் புடி" என்று என் வயதுப் பிள்ளைகளை அதட்டினேன். அவர் எனக்குப் பின்னால் நின்று, "இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க" என்று கையை ஆட்டுவார். நீங்களும் போய் நில்லுங்கள் மாமா என்றால், "காசு குடுத்தவங்களுக்கு என்ட மூஞ்சிய என்னத்துக்கு?" என்பார். ஒரு படத்திலும் அவர் இல்லை.

மாமிக்கு அது பெரிய குறை. மாமி என்றால் அவருடைய மனைவி. கலியாணப் படங்கள் எல்லாம் சுனாமியோடு போய்விட்டன. "ஊர்ப் புள்ளையளையெல்லாம் எடுக்கிறீங்க, ஒருநாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் எடுங்களன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. "எடுப்பம், எடுப்பம்" என்பார். அவர்கள் வீட்டு முகடு ஒழுகும். மாரி வந்தால் விறாந்தையில் சட்டியும் வாளியுமாக இருக்கும். ஒருநாள் மாமி எங்களுக்கு முன்னாலேயே சொன்னா, "இந்த முகட்டையும் ஒரு படம் புடிச்சி ஆருக்கும் அனுப்புங்க. உங்களுக்குக் கையோட வந்த தொழில்தானே."

"அது சம்பளம் எடுக்கிறவன்ட முகடு" என்று சொல்லிவிட்டு, வாளியை நகர்த்தி வைத்தார்.

பிறந்தநாள் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளிநாட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய காசில் சோறு. பிறந்தநாள் ஆளின் படத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் தொங்கவிடுவோம். வீடியோ கோலில் அவர்கள் வந்ததும் எல்லாரும் கை தட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். செத்தவரின் ஆண்டு நினைவுக்கும் சோறு வரும். அப்போதும் படம் தொங்கும், ஆனால் பாட்டு இல்லை, தலைகுனிந்து நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கறியில்தான். பிறந்தநாள் என்றால் கோழி. நினைவு நாள் என்றால் மரக்கறி.

ஒருமுறை கனடாவில் ஒரு குடும்பம் தகப்பனின் ஆண்டு நினைவுக்குக் காசு அனுப்பியது. மனிதருக்குக் கோழிக்கறி என்றால் உயிராம். அவருக்குப் பிடித்ததையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று அந்த அம்மா ஆசையாகச் சொல்லியிருக்கிறா. காலையிலேயே கோழிக்கறி வாசம் வாசிகசாலையைத் தூக்கிக்கொண்டு போனது. சுவரில் ஒரு வயதான ஐயா சிரித்துக்கொண்டு தொங்கினார். வீடியோ கோல் வந்தது. போனில் வெள்ளைச் சேலையோடு ஒரு அம்மா. முன்வரிசைச் சின்னதுகள் படத்தைப் பார்த்தன, கறியை மணந்தன, கையைத் தட்டின. ஒன்று தொடங்கினால் போதுமே! அத்தனை பிள்ளைகளும் தொண்டை கிழியப் பிறந்தநாள் பாட்டுப் பாடிவிட்டார்கள். ஐயாவின் பெயரையும் சேர்த்து.

போன் என் கையில்தான் இருந்தது. அந்த அம்மாவின் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில். அவ அழவில்லை. என்ன நடக்கிறது என்று விளங்காமல், பாட்டு முடியும்வரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு ஒரு ஆண் குரல், "என்ன, பகிடி விடுறீங்களா?" என்றது. கோல் நின்றுவிட்டது.

தாய்மார் பிள்ளைகளின் முதுகில் போடத் தொடங்கினார்கள். மாமா பாய்ந்து மறித்தார். "அடிக்காதங்க! புள்ளையளில பிழ இல்ல. படத்தக் கண்டா பாடுற மாதிரிப் பழக்கினவன் நான்." சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சோற்றைப் படம் எடுக்கச் சொல்லவில்லை. முதல்முறையாகச் சூடாகச் சாப்பிட்டோம். அதுவும் யாருக்கும் இறங்கவில்லை. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. பிறந்தநாள் பாட்டும் கழகத்தில் அதோடு நின்றுபோனது.

இன்னொரு நாள் வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம். நாங்கள் வளர்ந்த பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் பொதிகளோடு போனோம். ஒரு வீட்டில் ஒரு கமக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றார். அவருடைய நெல்வயல் வட்டை முழுவதும் வெள்ளத்துக்குக் கீழே. நான் போனை உயர்த்தினேன். அவர் பொதியைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"படம் எடுக்கிறெண்டா கொண்டு போங்க. நான் களத்தில வந்து நிண்டவனுக்கெல்லாம் நெல்லு அளந்து குடுத்தவன். ஒருத்தனையும் படம் புடிக்கல்ல."

மாமா என் கையிலிருந்த போனை வாங்கிச் சேட் பொக்கற்றுக்குள் போட்டார். "மன்னிச்சுக்கங்க அண்ணன்" என்று சொல்லிப் பொதியை அவர் வீட்டு விறாந்தைக்குத் தூக்கிச் சென்று வைத்தார். திரும்பும் வழியில் இன்னொரு பொதியை வரம்பில் தனியே வைத்து, பின்னால் வெள்ளம் தெரிய ஒரு படம் எடுத்தார். அனுப்பியவர், ஆள் எங்கே என்று கேட்டாராம். "ஆள் வட்டைக்குப் போயிட்டார்" என்று பதில் போட்டார். அந்தக் கமக்காரர் சொன்னதை நான் மறக்கவில்லை. கழகம் எங்கள் கைக்கு வந்தால் இந்தக் கூத்து இருக்காது என்று அந்தப் பெட்டியில் இருந்தபடியே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கைக்கும் வந்தது. நான் படித்து ஆசிரியையாகி, கலியாணம் முடித்து, அதே ஊரில்தான் இருக்கிறேன். அவருக்குச் சீனி வருத்தம் கூடி, ஓடியாட முடியாமல் போனபோது, அவரிடம் வளர்ந்த நாங்கள் சிலபேர் கழகத்தைப் பொறுப்பெடுத்தோம். முதல் கூட்டத்திலேயே நான் சட்டம் போட்டேன்: பிள்ளைகளின் முகம் வெளியே போகக் கூடாது. எடுத்தால் முதுகை மட்டும் எடுப்போம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஏதோ பழைய கணக்கைத் தீர்த்த மாதிரி ஒரு மிதப்பு.

முதுகுகளைப் பார்த்துவிட்டு, காசு அனுப்பியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை, மறந்துபோனார்கள். கோழி முட்டையாகி, முட்டை பருப்பாகி, கடைசியில் மத்தியானச் சோறு நின்று, பணிசும் பிளேன்ரீயும் ஆனது. பிள்ளைகளும் குறைந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முதுகெல்லாம் வடிவா இரிக்கி. சோறு எங்க புள்ள?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மானத்த வித்துச் சோறு போடணுமா மாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு பணிசை எடுத்து, பாதியைப் பிய்த்துப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இருந்தார்.

அந்த வருடமே அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லண்டனில் இருக்கிற நிரோஷன், எங்களோடு வரிசையில் பொதி பிடித்து நின்றவன், அவருக்கு ஒரு சக்கர நாற்காலிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் காசு அனுப்பினான். நானும் கழகத்துச் சுகந்தியும் கொண்டு போனோம். கொண்டு போகும் வழியில் நான் சுகந்திக்குச் சொன்னேன், "படம் கிடம் எண்டு ஒண்டும் இல்ல. குடுத்திட்டு வந்திருவம்." அவளும் ஓம் என்றாள்.

மாமி கதவைத் திறந்தா. அவரைத் தூக்கி நாற்காலியில் இருத்தினோம். கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார், நல்லா இரிக்கி என்றார். நான் பொதியை மேசையில் வைத்தேன்.

"ஆர் எடுக்கிற?" என்று கேட்டார்.

"என்ன மாமா?"

"படம்."

"படம் வேணாம் மாமா. நிரோஷன் உங்கட புள்ள மாதிரித்தானே. அவனுக்கு என்னத்துக்குப் படம்?"

"அவனுக்கு வேணாம். அவன்ட கூட்டாளிமாருக்கு வேணும்." குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. "புள்ளையளிட முகம் வேணாமெண்டு சொன்ன நீங்க. நல்லம், அது சரிதான். என்ட முகம் இரிக்கிதானே? எடு."

நான் விடவில்லை. "வெல்லாவெளியில பொதிய மட்டும் வச்சி எடுத்தீங்கதானே? அப்பிடி எடுப்பம்."

"அந்த மனிசன்ட வட்டையில வெள்ளம் வடியும் புள்ள. வடிஞ்சா அவர் திரும்பவும் குடுக்கிற ஆள். எனக்கு என்ன வடியப் போகுது?" என்றார். பிறகு மாமியைப் பார்த்து, "அந்த வெள்ளச் சேட்ட எடு" என்றார்.

மாமி சேட்டைப் போட்டுவிட்டு, தலையைச் சீவிவிட்டா. அவர் பொதியை மேசையிலிருந்து எடுக்கச் சொல்லி, கடுதாசி வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி, தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். என் கையைப் பிடித்துப் பொதியின் மேல் மூலையில் வைத்தார். சுகந்தி போனை எடுத்துவிட்டாள். அப்போது அவர் குனிந்து, மடியில் இறங்கிக் கிடந்த சாரத்தை இரண்டு கையாலும் மேலே இழுத்தார். துணி சுற்றிய அந்த மொட்டைக் கால் வெளியே வந்தது.

"இது தெரியட்டும்" என்றார்.

மாமி குசினிக்குள் போய்விட்டா. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அவர் கமராவைப் பார்த்தபடியே, உதடு அதிகம் அசையாமல் சொன்னார்:

"நீ அழாத புள்ள. குடுக்கிற ஆள் அழப்படா. படம் பழுதாப் போகும்."

அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சரியாக நடுவில் இருந்தார்.

அவர் கேட்டுத்தான் எடுத்தோம். அதனால் எனக்கு வெட்கம் குறைந்துவிடுமா? நிரோஷன் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். கும்பிடு கைகள், அழுகை முகங்கள், 'அக்காவுக்குத் தங்கமான மனசு' என்று எனக்குப் பாராட்டுகள். பதினொரு வயதில் கண்ட அதே படம். ஊதாப் பையைக் காணவில்லை, நான் மறுபக்கம் நின்றேன், அவ்வளவுதான். அதைப் பார்த்த யார் யாரோ கழகத்தை விசாரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் மத்தியானச் சோறு திரும்பி வந்தது. பிள்ளைகளின் ஒரு முகமும் வெளியே போகவில்லை. மாமா போன் எடுத்துச் சிரித்தார். "பாத்தியா? வெட்டினதும் வீண் போகல்ல கா." அந்தச் சனிக்கிழமை கோழிக்கறி. நான் பரிமாறினேன். சாப்பிட முடியவில்லை.

அடுத்த மாரிக்கு அவர் போய்விட்டார்.

செத்த வீட்டில் மாமி என்னைத்தான் கூப்பிட்டா. "புள்ள, பனர் அடிக்கப் படம் கேக்கிறாங்க. அடையாள அட்டையில கிடக்கிறது இருவத்தஞ்சி வயசுப் பொடியன். ஊரெல்லாம் எடுத்த மனிசன்ட படம் ஒண்டு உங்களிட்ட இல்லாமலா போகும்?"

நான் தேடினேன். என் போன், சுகந்தியின் போன், கழகத்துக் கொம்பியூட்டர், எல்லாம் தேடினேன். பொதி பொதியாக, கோப்பை கோப்பையாக, நடுவில் நிற்கிற முகங்கள். பிள்ளைகள், தாய்மார், வெள்ளத்தில் நின்றவர்கள். அவரை மட்டும் காணவில்லை. இருந்தது அந்த ஒரே படம்தான்.

அதைக் கடைக்குக் கொண்டு போனேன். கீழே வெட்டச் சொன்னேன், கால் போனது. கடைக்காரர் பொதியையும் அழித்து, அந்த இடத்தில் சேட்டின் வெள்ளையை நிரப்பிவிட்டார். என் உருவமும் போனது. கை மட்டும் நின்றது. "இந்தக் கைய எடுத்தா அவர்ட தோளும் சேந்து போகும் மிஸ், விடுங்க" என்றார். பின்னால் மெழுகுதிரியும் பூவும் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துத் தந்தார். அதுவே சந்தியிலும் தொங்கியது, வீட்டு வாசலிலும் தொங்கியது.

இப்போது அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாமி விறாந்தையில் மாட்டியிருக்கிறா. கீழே ஒரு சின்ன பல்ப் எரிகிறது. போன வாரம் நான் போனபோது மாமியின் ஒன்றுவிட்ட தங்கச்சி வந்திருந்தா. தேத்தண்ணி குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்துவிட்டு, "அதென்னகா, அத்தான்ட தோளடியில ஒரு கை?" என்று கேட்டா.

"கழகத்துப் புள்ளைட கை" என்றா மாமி. "ஏலாத நேரத்தில அவரத் தாங்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

அந்த அம்மா என்னைப் பார்த்து, உன் கையா என்பது போலத் தலையை அசைத்தா. கண் கலங்கி, என் விரல்களைப் பிடித்துத் தடவினா. அந்தக் கை எதைப் பிடித்தது என்று மாமிக்குத் தெரியும். அதைக் காணச் சகிக்காமல் குசினிக்குள் போனவ அல்லவா? நான் ஏதாவது சொல்வேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு, மிச்சத் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.